ஸ்டானின் கோப்பையில் சிவப்பும் வெள்ளையும்

தொலைபேசியை அதன் வயர் எட்டும் தூரம் வரை இழுத்துச் சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்து, ஜன்னலையும் அகலத் திறந்துவிட்டுத்தான் அன்று நான் கோயிலுக்குப் போனேன். எங்கள் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு சந்தும் ஒரு கல் சுவரும்தான். போன் அடித்தால் கேட்கும். காற்று எதிர்ப்பக்கம் திரும்பாமல் இருந்தால் கேட்கும்.

என் மகள் டில்லி முந்தின நாள், பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலமே, வலி கண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நான் கிளம்பி வருகிறேன் என்றதற்கு அவள் புருஷன் கிளைவ், "வேணாம் அத்தே. நீங்க வந்தா அங்க இருக்கற நர்சுங்களுக்கெல்லாம் வேலை சொல்ல ஆரம்பிச்சுடுவீங்க. பொறந்ததும் நானே போன் பண்றேன்," என்றான். அவன் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. முப்பது வருஷம் வார்டு சிஸ்டராக இருந்தவள் நான். சரியாகச் சொல்கிறானே என்றுதான் எனக்கு எரிச்சல்.

டில்லியின் முதல் குழந்தை ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. அந்தத் தடவை அவளுக்கு வலி எடுத்ததுமே நான் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தேன். அப்புறம் தபால் நிலையத்தில் ஒருத்தி, ரொட்டிக் கடையில் ஒருத்தி, "பாப்பா எப்படி இருக்கு ஹில்டா?" என்று சிரித்த முகமாகக் கேட்பாள். ஒவ்வொருத்தியிடமும் நின்று நின்று நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் இந்தத் தடவை அவள் உண்டாகியிருப்பதையே யாரிடமும் மூச்சு விடவில்லை. டில்லி இருப்பது வேறு ஊர். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் அவள் இந்தப் பக்கம் வரவில்லை. மறைக்கச் சிரமம் இருக்கவில்லை. என் புருஷன் ரெஜ்ஜின் வாயையும் பூட்டிவிட்டேன். அவர் வாய் சாதாரணமாகவே சாப்பிட மட்டும்தான் திறக்கும்.

அந்த மனிதர் அன்று தோட்டத்தில் உருளைக்கிழங்கு ஊன்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி பெரிய வெள்ளியன்றே ஊன்றியிருக்க வேண்டியது. மழை விடாமல் கொட்டியதால் சனிக்கிழமைக்குத் தள்ளிப் போய்விட்டது.

"போன் அடிச்சா எடுப்பியா?" என்று கேட்டேன்.

"கேட்டா எடுப்பேன்."

"கேக்கற இடத்துல நின்னு தோண்டேன்யா!"

"கிழங்கு அந்தக் கோடியிலல்ல ஊனணும்," என்றார். பிறகு மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, "கேக்குல ஒரு உருண்டை கூடுதலா இருந்துச்சு. யூதாஸா இருக்கும்னு நான் தின்னுட்டேன்," என்றார்.

ஈஸ்டர் கேக்கின் மேல் சீடருக்கு ஒன்றாகப் பதினோரு பாதாம் உருண்டைதான் வைப்பது வழக்கம். காட்டிக்கொடுத்தவனுக்கு அதில் இடம் கிடையாது. சிறுபிள்ளையிலிருந்து செய்கிற கேக்; காலையில் என் கை தானாகப் பன்னிரண்டு உருட்டி வைத்திருக்கிறது. என் நிலைமை அப்படி இருந்தது.

கோயிலுக்குள் ஈரப் பாசி வாசனை மண்டிக் கிடந்தது. தவக்காலம் முழுக்க எங்கள் கோயிலில் ஒரு பூ வைக்க மாட்டோம். பீடம் மொட்டையாகவே கிடக்கும். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, ஊரில் தோட்டம் வைத்திருக்கிற பெண்கள் எல்லாரும் வாளி வாளியாகப் பூவைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பூ வேலைக்குத் தலைவி மிஸ் பெடோஸ். கல்யாணம் ஆகாதவர், பள்ளிக்கூடத்தில் எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவர். பூவைக் குத்தி நிறுத்தக் கடையில் பச்சை ஸ்பாஞ்ச் விற்கிறார்களே, அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. கோழிக்கூட்டுக் கம்பிவலையைச் சுருட்டி ஜாடிக்குள் திணித்துத்தான் பூ வைக்க வேண்டும். எல்லார் விரலிலும் கீறல்.

நான் பிரசங்க மேடைக்குப் பக்கத்து ஜாடிக்கு மஞ்சள் பூ அப்பிய ஃபோர்சிதியாக் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கிளை வைப்பேன், வாசல் வரை போய்க் காது கொடுத்து நிற்பேன், திரும்பி வந்து அதே கிளையைப் பிடுங்குவேன். குழாய் வெளியே கல்லறைப் பக்கம் இருந்தது நல்லதாகப் போயிற்று. தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வாசலுக்கும் உள்ளுக்கும் அலைந்தேன். ஒரு தரம் மணிச் சத்தம் கேட்டு வாளியைப் போட்டுவிட்டு ஓடினால், ரொட்டிக்காரன் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போகிறான். "என்னம்மா, பன்னு வேணுமா?" என்கிறான். அப்படியே அவன் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன்.

"ஹில்டா, உனக்கு வயித்துக்கு ஏதாவது சரியில்லையா?" என்று மிஸ் பெடோஸ் கேட்டார். "நீ கொண்டுவந்த தண்ணியில ஞானஸ்நானத் தொட்டியே நெறஞ்சிடும் போல இருக்கே."

அப்போதுதான் ஓல்வென் உள்ளே வந்தாள்.

ஓல்வென் என்னோடு படித்தவள். அவள் புருஷன் ஸ்டான் எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பராக இருந்தவன். விளையாட முடியாத வயதிலும் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதை அவன் விடவில்லை. போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில், டவுன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்து ஜன்னலில் இந்த வருஷம் அவன் நினைவாகத் தானே பூ வைப்பதாக ஓல்வென் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

அவள் ஒரு கையில் ஒரு வாளி, இன்னொரு கையில் இன்னொன்று. கக்கத்தில் அணி எப்போதோ ஜெயித்த வெள்ளிக் கோப்பை. ஒரு வாளி நிறைய ரத்தச் சிவப்பு டியூலிப். இன்னொன்றில் தும்பைப்பூ நிறத்தில் வெள்ளை டாஃபடில். வாளிகளைத் தொட்டியடியில் இறக்கிவிட்டு, "ஸ்டான் வச்ச பூக்கிழங்குலருந்து வந்ததுதான் எல்லாம். ரெண்டும் சேந்து இந்தக் கோப்பையில," என்றாள்.

கோயிலுக்குள் கத்தரிக்கோல் சத்தம் நின்றுபோயிற்று.

சிவப்பும் வெள்ளையும் எங்கள் அணியின் சட்டை நிறம். அது எல்லாருக்கும் தெரியும். சிவப்பும் வெள்ளையும் மட்டும் ஒரே ஜாடியில் சேரக் கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். ரத்தமும் கட்டுத்துணியும் என்போம் வார்டில். சேர்த்து வைத்தால் ஒரு சாவு விழும். நோயாளியைப் பார்க்க யாராவது அப்படிக் கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கிப் பிரித்து, சிவப்பை ஒரு வார்டுக்கும் வெள்ளையை இன்னொன்றுக்கும் அனுப்பிவிடுவேன். புதிதாக வந்த பெண்கள் சிரித்தால், "பூவு யாரையும் கொல்லாதுடி. படுத்திருக்கறவங்க பயந்துடுவாங்க, அதுக்குத்தான்," என்பேன். அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு டில்லியே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அந்த ரெண்டு வாளியையும் பார்த்ததும் என் கண் தானாக வாசல் பக்கம் போயிற்று.

மிஸ் பெடோஸ் என் முழங்கையை இடித்து, "நீ நர்சு. நீ சொல்லு," என்று முணுமுணுத்துவிட்டு, தேநீர் போடுகிறேன் என்று பின்னறைக்குள் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் பிரம்பைச் சுழற்றிய தைரியமெல்லாம் எங்கே போனதோ. பூ வைத்துக்கொண்டிருந்த மற்ற ரெண்டு பெண்களும் தேநீர் வாசனை பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார்கள்.

எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சட்டென்று, "ஓல்வென், டாஃபடில் தண்டுல கோழை வடியுமே. டியூலிப்போட சேத்தா டியூலிப் தலை தொங்கிடும். நாளைக்குக் காலையில பாதிரியார் வரும்போது எல்லாம் சுருண்டு கெடக்கும்," என்றேன்.

அது பொய்யில்லை. புதிதாக வெட்டிய டாஃபடிலின் சாறு மற்ற பூவுக்கு விஷம்தான்.

ஓல்வென் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அப்படியா?" என்றாள்.

"நீ போய் உன் ஆட்டுக்குட்டிங்களுக்குப் பால் புட்டி குடு. கத்திக்கிட்டிருக்கும். நான் இதை அழகா வச்சிடறேன். வெள்ளை வேணும்னா பீடத்துக்குத் தனியா வச்சுக்கலாம். ஆண்டவர் பக்கத்துலயே!"

"அழகா வைப்பியா?"

"வைக்கறேன்டி. போ."

போனாள். அவள் தலை மறைந்ததுதான் தாமதம், வெள்ளை வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்தடியில் வைத்தேன். கோப்பைக்குள் கம்பிவலையைத் திணித்து டியூலிப்பைச் செருகினேன். வெறும் சிவப்பு மட்டும் ஜன்னலில் முண்டமாக நின்றது. கைக்குக் கிடைத்தது என்னுடைய ஃபோர்சிதியா. மஞ்சள் கிளைகளைச் சிவப்புக்கு நடுவே நடுவே சொருகினேன். நன்றாகத்தான் வந்தது. வாசலுக்குப் போய்க் காது கொடுத்தேன். காக்கைகள்தான் கத்தின. சுவருக்கு அந்தப் பக்கம் ரெஜ்ஜின் மண்வெட்டி கல்லில் மோதும் சத்தம், அதுவும் தோட்டத்துக் கோடியிலிருந்து. நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தமே வந்துவிட்டது.

ஓல்வென் திரும்பி வந்தபோது அவள் கோட்டில் ஆட்டுக்குட்டியின் எச்சில். நேரே தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"மஞ்சளா?" என்றாள்.

"வெளிச்சமா இருக்கட்டுமேன்னு..."

"சிவப்பும் மஞ்சளும். பென்ஃபோர்டு டீம் சட்டை!"

அது என் மூளையில் உறைக்கவே இல்லை. பென்ஃபோர்டு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். அந்த அணியின் பெயரைச் சொன்னாலே ஸ்டான் பீர் குவளையை மேஜையில் டொக்கென்று வைப்பான். அந்த ஊர்க்காரன் கடையில் ஆணிகூட வாங்க மாட்டான். அவன் நினைவுக்கு, அவன் வைத்த பூவை, அவன் கோப்பையில், பென்ஃபோர்டு நிறத்தில் அலங்கரித்து நிற்கிறேன் நான்.

"ஐயோ, நான் அதை நெனச்சே பாக்கலடி," என்றேன்.

"நீ நெனச்சது வேற. எனக்குத் தெரியாதாக்கும்?" ஓல்வென் குரலை உயர்த்தவில்லை. "கோழை வடியுமாம் கோழை. என் மாமியா காலத்துலருந்து டாஃபடில் வெட்டறவ நான். நேத்து மத்தியானமே வெட்டித் தனி வாளியில ஊற வச்சு, சாறெல்லாம் எறங்கினப்புறம்தான் கொண்டுவந்தேன். எங்கிட்டயே கதை விடறியே, எவ்வளவு தூரம் போறேன்னு பாப்போம்னுதான் பேசாமப் போனேன்."

"எல்லாரும் பயப்படறாங்க ஓல்வென்."

"நானும்தான் பயந்தேன்." அவள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்டான் ஆஸ்பத்திரியில கெடந்தப்போ தோட்டத்துல இந்த ரெண்டும்தான் பூத்துக் குலுங்குது. இதுல ஒண்ணுகூட நான் கொண்டுபோகல. சிவப்பு எடுத்தா வெள்ளை பக்கத்துல வந்துடுமோன்னு பயம். கடையில ஊதா வாங்கினேன், ரோஸ் வாங்கினேன். தினமும் கேப்பான், என்னடி கெழவி, நம்ம பூவு இன்னும் பூக்கலியான்னு. இல்லைன்னு சொன்னேன். பூத்து, உதிரவும் ஆரம்பிச்சிருச்சு. நான் இல்லைன்னேன். கடைசியில அந்தப் பாழாப்போன ஊதாவைப் பாத்துக்கிட்டே போய்ச் சேந்தான். பிரிச்சு வச்சு என்னத்தைக் கண்டேன்? சொல்லு, நீதான் நர்சாச்சே!"

அவள் பீடத்தடிக்கு நடந்து வெள்ளை வாளியைத் தூக்கினாள். அவள் அதைத் தொட்டியை நோக்கிக் கொண்டுவரக் கொண்டுவர என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"இன்னிக்கு வேணாம்டி! டில்லி ஆஸ்பத்திரியில இருக்கா!"

அவள் நின்றாள்.

"நேத்து சாயங்காலத்துலருந்து வலி. இன்னும் ஒரு போன் வரல. போன தடவை இவ்வளவு நேரம் ஆகல. நாளைக்கு வேணும்னா வை, திங்கக்கிழமை வை, எப்ப வேணும்னாலும் வை. இன்னிக்கு மட்டும் வேணாம்."

சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது. முப்பது வருஷம் வெள்ளைச் சீருடை போட்டவள் பேசுகிற பேச்சா இது. ஓல்வென் வாளியைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி எங்கிட்டகூடச் சொல்லல?"

"போன தடவை சொன்னேனே."

அவளுக்கு நினைவு இருந்தது. அந்தத் தடவை டில்லிக்கென்று சின்னத் தொப்பி ஒன்று பின்னிக் கொண்டுவந்தவள் அவள்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி. மஞ்சளே இருக்கட்டும்," என்றாள். சொல்லும்போது அவள் பார்வை கோப்பையின் மேல் இருந்தது. யாரோ அவள் வீட்டுச் சாமானைத் தெருவில் எடுத்து வைத்த மாதிரி அதைப் பார்த்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. இந்தச் சாவு பயம் ஸ்டானின் கடைசி நாளில் அவனுக்கு அவன் பூவைக் காட்டவிடாமல் செய்தது. இப்போது அவன் நினைவுக்கு வைக்கிற பூவிலும் குறுக்கே வந்து நிற்கிறது, அதுவும் என் உருவத்தில். ஃபோர்சிதியாவைக் கொத்தாகப் பிடித்து உருவிக் கீழே போட்டேன்.

"ஹில்டா, என்ன பண்றே?"

"சும்மா இரு. எனக்குத் தைரியம் இருக்கறப்பவே செஞ்சுடறேன்."

வெள்ளையில் ஒன்றை எடுத்துச் சிவப்புக்குள் செருகினேன். இன்னொன்று. டில்லி, டில்லி என்று மனசுக்குள் அடித்துக்கொண்டது. மூன்றாவதைச் செருகும்போது போன் அடித்தது.

இந்தத் தடவை சைக்கிள் இல்லை.

"போடி!" என்று ஓல்வென் என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

கல்லறைகளுக்கு நடுவே புல்லில் வழுக்கி வழுக்கி ஓடினேன். நானே வைத்தேனே, நானே என் கையால் வைத்தேனே என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. சந்தைத் தாண்டும்போது மணி நின்றுவிட்டது. நான் செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

ஜன்னலுக்கு வெளியே ரெஜ் நின்றிருந்தார். ரிசீவரை மண் கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். கன்னத்தில் சேறும் கண்ணீருமாக வழிந்துகொண்டிருந்தது. நாற்பது வருஷத்தில் அந்த மனிதர் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. எந்தத் தடவை என்று எனக்குத் தெரியும். அங்கேயே கிழங்குச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"சொல்லிடுய்யா," என்றேன்.

"பொண்ணு," என்றார்.

"இருக்காளா?"

"ஆஸ்பத்திரியே ரெண்டாகுதாம், அப்படிக் கத்தறாளாம். டில்லி டீ கேட்டாளாம்."

"எடை என்ன? எத்தனை மணிக்குப் பொறந்தா? மூச்சு நல்லா விடறாளாமா? யாரு பாத்தது?"

"கேக்கல."

"என்னத்தைய்யா கேட்ட?"

"ஆஸ்பத்திரி பூத்துல போட கிளைவ் கையில சில்லறை தீந்துபோச்சு. போன் கட்டாயிடுச்சு," என்று சொல்லிவிட்டு, ரிசீவரை மண்ணோடு என் மடியில் வைத்தார். நான் அவரைத் திட்டினேன். திட்டிக்கொண்டே அவர் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்புறம்தான் கோயில் நினைவு வந்தது.

நான் திரும்பி வந்தபோது ஓல்வென் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியடியில் நின்றிருந்தாள். வெள்ளை டாஃபடில் ஒன்றுவிடாமல் வாளிக்குத் திரும்பியிருந்தது. நான் கீழே எறிந்த ஃபோர்சிதியாவைப் பொறுக்கி எடுத்து, ஸ்டானின் கோப்பையில் சிவப்புக்கு நடுவே செருகிக்கொண்டிருந்தாள். கடைசிக் கிளை கம்பிவலையில் நுழைய மாட்டேன் என்று முரண்டு பண்ணியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

"வாயைத் தெறக்காதே," என்றாள் திரும்பாமலே. "நீ வாசல் தாண்டறதுக்குள்ள மூணையும் பிடுங்கிட்டேன். அந்தக் கொஞ்ச நேரம் இருந்ததெல்லாம் கணக்குல வராது. ஸ்டான் ஒண்ணும் சொல்ல மாட்டான். சொன்னா சொல்லிட்டுப் போறான். பென்ஃபோர்டு காரனுங்களும் மனுஷங்கதானே." கிளையை விட்டுவிட்டுத் திரும்பினாள். "போன்ல என்ன சொன்னாங்க?"

அவள் பக்கத்தில் போய் நின்று ஒரு மஞ்சள் கிளையை உருவினேன். அவள் என் கையைப் பார்த்தாள். இன்னொன்றை உருவினேன். அவள் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

"பொண்ணா?" என்றாள் மெதுவாக.

"பொண்ணு."

"டில்லி?"

"டீ குடிக்கறாளாம்."

ஓல்வென் குனிந்து வெள்ளை வாளியைத் தூக்கி எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவே வைத்தாள். ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று செருக ஆரம்பித்தோம். பின்னறையிலிருந்து தேநீர்த் தட்டோடு வந்த மிஸ் பெடோஸ் எங்களையும் கோப்பையையும் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் வந்த வழியே திரும்பிப் போனார். எங்கள் கை நிற்கவில்லை.

"நடுவுல சந்து விடாதேடி," என்றாள் ஓல்வென். "ஸ்டான் எப்பவும் அப்படித்தான், ரெண்டு காலுக்கு நடுவுல சந்து விட்டுட்டுக் கோல்ல நிப்பான். எல்லாப் பந்தும் அதுவழியாத்தான் போகும்."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். ஸ்டானைக் குழிக்குள் இறக்கிய அன்றுகூட அவள் அழுது நான் பார்க்கவில்லை.